காஞ்சிபுரத்துப் படக்காரரும் பஞ்சாங்கமும்

மாதச் சம்பளம் என்பதை அறியாமல், அழைத்தவர் வீட்டுக்குக் காமிராவைச் சுமந்துகொண்டு போய், எடுத்த படத்துக்கு உண்டான கூலியை வாங்கி ஜீவனம் நடத்துகிற காஞ்சிபுரத்துப் புகைப்படக்காரருடைய சரித்திரத்தை எழுதப் புகுகிறவன், டாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் வரலாற்றைப் புரட்டுவதற்கு முன்னால் பாம்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. 1839-ஆம் வருஷம் பாரிஸில் உலகத்தாருக்கு வெளியிடப்பட்ட அந்த வித்தை கப்பலேறிச் சென்னப்பட்டணம் வந்து, அங்கிருந்து ஏறக்குறைய 45 மைல் தூரத்திலுள்ள இந்தக் கோயில் நகரத்தை எட்டியபோது, இங்கே தறிக்கு எஜமானாக வீற்றிருந்த பஞ்சாங்கத்தையே தனக்கும் எஜமானாக வரித்துக்கொண்டது. தை பிறந்தால் முகூர்த்தம். முகூர்த்தம் என்றால் கூறைப்புடவை. கூறைப்புடவை எடுத்த வீட்டில் ஒரு படம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பல வீடுகளில் இல்லை. அந்த மாதங்களில் பிள்ளையார்பாளையத்துத் தறிகளாவது வரப்போகிற முகூர்த்தத்தை எண்ணி ஓடிக்கொண்டிருக்கும். இனி நடக்கப்போகிற கல்யாணத்தை முன்கூட்டியே படமெடுத்து அடுக்கி வைக்கப் படக்காரருக்கு வழியில்லை. ஜவுளிக்கடைக்காரர்கள் பிற்காலத்தில் ஆடித் தள்ளுபடி என்ற உபாயத்தைக் கண்டுபிடித்துத் தப்பித்துக்கொண்டார்கள். படக்காரருக்கு அப்படிப்பட்ட உபாயம் இன்றுவரை சித்திக்கவில்லை.

இந்த ராஜதானியில் காமிராவைக் கையாண்டு பேர் பெற்ற ஆதிகாலத்தவர் கூலிக்காரர் அல்லர். சென்னையில் புகைப்படச் சங்கம் ஏற்பட்ட அதே 1856-ல், லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். அடுத்த வருஷக் கடைசியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி, மெழுகேற்றிய காகிதத்தில் நெகடிவ் எடுத்து, தஞ்சைப் பெரிய கோயிலின் அதிஷ்டானத்துக் கல்வெட்டைக்கூடத் துண்டு துண்டாகப் படம்பிடித்து ஒரே நீளச் சுருளாக ஒட்டிவைத்த அந்த மனிதரின் பிரயாசை அசாதாரணமானது. ஆயினும் அவர் 1858-ல் வெளியிட்ட தொகுதிகளில் காஞ்சிக்கு இடம் கிடைக்கவில்லை. அதன்பின் கவர்னராக வந்த டிரெவெல்யன், கஜானாவுக்குத் தாங்காத செலவு என்று அந்தப் பணியையே நிறுத்திவிட்டார். காஞ்சியின் முறை பின்னால் வந்தது. தொல்பொருள் இலாகாவின் அலெக்ஸாண்டர் ரீ, பல்லவர் கட்டிடக்கலையைப் பற்றி 1909-ல் வெளியிட்ட பெருநூலில் கைலாசநாதர் கோயிலை அங்குலம் அங்குலமாக அளந்து காட்டினார். 1931-ல் புதுச்சேரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் அதே கோயிலின் சிற்றாலயங்களில் பழைய ஓவியங்களைக் கண்டறிந்தார். 1955-ல் புதுச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் தென்னாட்டுக் கோயில்களைப் பற்றி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

இவற்றின் பெருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நீண்ட நேரம் வெளிச்சத்தை உண்டு பதிந்த அந்தப் பழைய படங்களில், அசைகிற மனிதன் தங்குவதில்லை. பிற்காலத்து ஆராய்ச்சிப் படங்களிலோ மனிதன் குறுக்கே வந்தால் விலகி நிற்கச் சொல்வார்கள். காஞ்சிபுரத்து ஜனங்களின் முகம் வேண்டுமென்றால், எந்த நூலின் முகப்பிலும் பெயர் ஏறாத கூலிப் படக்காரரிடந்தான் போகவேண்டும்.

அவருடைய தொழில் முறையைப் பார்த்தால், நெசவாளியின் முறைக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இராது. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்க, நெசவாளி புடவையை நெய்து ஒப்படைத்துக் கூலி பெறுவதுபோல, சொந்தக் கடை இல்லாத படக்காரரும் ஸ்டூடியோக்காரரிடம் பிலிம் சுருளை வாங்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய், பதிந்த சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கினார். நெகடிவ் ஸ்டூடியோவுக்கே சொந்தம். படத்தின் முதுகில் முத்திரையும் நம்பரும் இருக்கும். எத்தனை வருஷம் கழித்து நம்பரைச் சொல்லிப் பிரதி கேட்டாலும், அந்த லாபம் கடைக்குப் போகும், எடுத்தவருக்குப் போகாது.

முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில்தான் அமையும். நாலரைக்கும் ஆறுக்கும் நடுவே, ஹோமப் புகை கண்ணைக் கரிக்க, பந்தலின் மங்கல் வெளிச்சத்தில், யாஷிகாவையோ ரோலிபிளெக்ஸையோ மார்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கிற மனிதருக்கு ஒரு சுருளில் 12 படங்களே உண்டு. காசியாத்திரைக்கு ஒன்று, ஊஞ்சலுக்கு ஒன்று, கன்னிகாதானத்துக்கு ஒன்று என்று மனத்துக்குள் பங்கு போட்டுக்கொண்டே வந்து, கெட்டிமேளம் முழங்குகிற அந்த நொடியில், அட்சதை தூவ எழும் நூறு கைகளுக்கும், தாலி முடிய நாத்தனார் குனிகிற முதுகுக்கும் இடையில் கிடைக்கிற சந்து வழியாக மாப்பிள்ளையின் விரல்களைப் பிடித்தாக வேண்டும். தப்பினால், புரோகிதரை இன்னொரு தடவை மந்திரம் சொல்லச் சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய சங்கடம், நல்ல முகூர்த்தம் ஒரே நாளில் வருவது. அன்று ஊரெல்லாம் கூப்பிடும். மறுநாள் ஒருவரும் கூப்பிடார். ஆகையால் வந்த அழைப்புகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கூட்டாளிக்கு மாற்றிவிடுவதும், அவர் பிறிதொரு நாள் அந்தக் கடனைத் திருப்புவதும் எழுதாத ஒப்பந்தமாக நடந்து வந்தது.

கல்யாணம் போக மிச்ச நாட்களில் மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, சஷ்டியப்த பூர்த்தி, பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ, சாவு வீடு. சாவு வீட்டில் நாற்காலியில் சார்த்தி மாலையிட்ட உடலைச் சுற்றி உறவினர் நிற்க எடுக்கும் படத்துக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. அன்றைக்கே பணம் கொடுப்பதும் இல்லை.

எடுத்த படத்தைக் கழுவுவது அடுத்த பாடு. வீட்டின் ஒரு மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்துச் சிவப்பு பல்பைப் போட்டால் அதுவே இருட்டறை. மெட்டாலும் ஹைட்ரோக்வினோனும் கரைத்த தட்டு ஒன்று, ஹைப்போ கரைத்த தட்டு ஒன்று. பங்குனி, சித்திரையில் காஞ்சிபுரத்துத் தண்ணீர் குழாயிலேயே கொதித்துவிடும். சூடேறிய தண்ணீரில் பிலிமின் ஜெலட்டின் உப்பி உரிந்து, மணப்பெண்ணின் முகம் தட்டோடு போய்விடும். ஆகவே நடு இரவுக்குப் பின், தட்டைச் சுற்றி ஐஸ்கட்டி போட்டுக்கொண்டு கழுவினார்கள். உத்ஸவமும் கல்யாணமும் மலிந்த மாதத்தில் பகலில் எடுப்பதும் இரவில் கழுவுவதுமாகத் தூக்கம் என்பதே தொழிலுக்கு விலக்கானது.

இந்த ஊரின் இரண்டு தொழில்களும் வெள்ளியின்மேல் நின்றவை என்பதை யாராவது எழுதியிருக்கிறார்களோ, நான் படித்ததில்லை. பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசினால் ஜரிகை; சூரத்திலிருந்து வந்துகொண்டிருந்த அதை உள்ளூரிலேயே செய்வதற்கு அரசாங்கம் காஞ்சிபுரத்தில் ஒரு நிறுவனத்தையே ஏற்படுத்தியது. எலும்பிலிருந்து காய்ச்சிய ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து பூசினால் பிலிம். பட்டுப்பூச்சியின் உயிருக்கு இரங்கிப் பட்டைத் தவிர்க்கச் சொன்ன காஞ்சிப் பெரியவரின் திருவுருவம் எலும்புப் பசையில் பதிந்த வெள்ளியாகவே வீடுதோறும் பூஜையறைக்கு வந்து சேர்ந்தது. இதை அபசாரமாக அல்ல, வேடிக்கையாகச் சொல்கிறேன். வெள்ளி இருந்ததாலேயே இரண்டுக்கும் அழிவு வந்தது. கிழிந்த பட்டுப்புடவையைத் தெருவோடு வருகிற வியாபாரி வாங்கிப் போவான். பாட்டியின் கோபுரக் கரையும் தாழம்பூ ரேகும் நெருப்பில் எரிந்து வெள்ளி உருண்டையாகும். ஸ்டூடியோ மூடப்பட்டால் நெகடிவ்களுக்கும் அதே கதி. கண்ணாடித் தட்டுகளோ கழுவப்பட்டு வேறு படங்களுக்குச் சட்டக் கண்ணாடியாயின. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தொகுக்கப் புறப்பட்டது நம் காலத்தில்தான். அரை நூற்றாண்டு முந்திப் புறப்பட்டிருக்கலாம்.

முகூர்த்தமில்லாத நாட்களில் படக்காரரைக் காப்பாற்றியவை கோயில்கள். மாசியில் காமாட்சிக்கு, பங்குனியில் ஏகாம்பரநாதருக்கு, வைகாசியில் வரதராஜருக்கு என்று பிரம்மோத்ஸவங்கள் வரிசையாக வருகின்றன. பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் திருக்கல்யாண வேளையில் பல ஜோடிகள் அங்கேயே மணம் செய்துகொள்கிற சம்பிரதாயம் வேறு இருக்கிறது. கர்ப்பக்கிருகத்தில் காமிராவுக்கு அனுமதியில்லை. மூலவரைப் படமெடுக்க முடியாத மனிதர், உத்ஸவர் வீதிக்கு வரும்வரை காத்திருக்கிறார். வைகாசிக் கருடசேவையன்று, விடியும் வேளையில் வரதர் கோபுர வாசலைக் கடக்கையில், குடைகளால் ஒரு கணம் மறைத்துத் திறக்கிறார்கள். வர இயலாமற்போன சோளிங்கபுரத்துத் தொட்டாசாரியருக்குப் பெருமாள் அங்கேயே போய்ச் சேவை சாதித்ததன் நினைவாக இது நடக்கிறது. ஜனங்கள் கைகூப்பி நிற்கிற அந்தக் கணத்தில், படக்காரர் மட்டும் குடை விலகப்போகிற நொடியைக் கணக்கிட்டுக்கொண்டு நிற்கவேண்டும். எத்தனையோ வருஷம் கருடசேவை பார்த்தும் படக்காரர்கள் ஒரு தடவைகூடச் சேவித்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

பஞ்சாங்கத்தின் ஆட்சியை மீறியவர்களும் இந்த ஊரில் தோன்றினார்கள். 1909-ல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1942-ல் இங்கிருந்தே ‘திராவிட நாடு’ வார இதழை நடத்தத் தொடங்கிய அண்ணாதுரையும் அவரது இயக்கத்தாரும் புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணங்களைப் பரப்பினார்கள். சிலர் வேண்டுமென்றே ராகுகாலத்தில், ஆடியில் மணம் முடித்தார்கள். அக்கினி சாட்சி இல்லாத அந்தக் கல்யாணத்துக்கு மேடைப் பேச்சும் மாலையும் புகைப்படமுமே சாட்சி. அண்ணாதுரை முதலமைச்சரான 1967-ல் சட்டசபை அவற்றைச் செல்லுபடியாக்கும் வரையில், தலைவர் நடுவில் நிற்க மணமக்கள் இருபுறமும் நின்ற படத்துக்கு இருந்த மதிப்பு சொல்லி முடியாது. கொள்கை எப்படியிருந்தாலும், ஆடி மாதத்தில் அடுப்பெரிய வைத்த இயக்கத்தைப் படக்காரர் நன்றியோடுதான் நினைத்திருப்பார்.

மற்ற மாறுதல்களை விரைவாகச் சொல்லிவிடலாம். உதகமண்டலத்தில் 1960-ல் அரசாங்கம் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை நிறுவி, ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் காகிதமும் தந்தது. கலர் வந்தது, இருட்டறை போயிற்று. டிஜிட்டல் வந்தது, அந்த ஆலையும் போயிற்று. கல்யாணப் படம் ‘ட்ரெடிஷனல்’, ‘கேண்டிட்’ என இரண்டு ஜாதியாகப் பிரிந்தது. லென்ஸை நாள் வாடகைக்கு எடுத்து, பெரிய கம்பெனிக்கு இரண்டாவது காமிராவாக நின்று, நாள் கூலி பெறுகிற இன்றைய இளைஞரின் நிலைமை, சுருளை வாங்கிக்கொண்டு போன அந்தப் பழைய மனிதரின் நிலைமையே. படத்தின் உரிமை இப்பொழுதும் கம்பெனிக்கு.

1979-ல் அனந்தசரஸ் புஷ்கரிணியிலிருந்து எழுந்தருளிய அத்திவரதரைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள், 2019-ல் பெருமாள் மறுபடி வெளிவந்தபோது பத்திரிகைகளில் வெளியாயின. அந்த 2019 ஜூலை முதல் ஆகஸ்டு வரை, பெருமாள் இன்று எந்த நிறப் பட்டு உடுத்தினார் என்பதைத் தமிழ்நாடு காலைதோறும் கைபேசியில் பார்த்தது. தரிசனத்துக்கு வந்தவரெல்லாம் படக்காரராகிவிட்டார்கள். அதோடு தொழில் தீர்ந்தது என்று பலர் சொன்னார்கள். தீரவில்லை, பட்டே அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள் புடவையைப் படத்தில் பார்த்தே வாங்குகிறபடியால், கடைக்காரர்களும் தனி நெசவாளர்களும் படக்காரரைத் தேடுகிறார்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறமாக நெய்த மயில் கழுத்துப் புடவை, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். பிளாஷ் அடித்தால் ஜரிகை வெளுத்து, பச்சை நீலமாகும். வாங்கியவர் நிறம் வேறு என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் விஷயம் தெரிந்தவர், கடையின் விளக்குகளை அணைக்கச் சொல்லி, புடவையை வடக்குப் பார்த்த ஜன்னலோரத்தில் விரித்து, கரையையும் முந்தானையையும் உடலையும் தனித்தனியாக எடுக்கிறார். கூலி, படத்துக்கு இவ்வளவு என்று அல்ல, புடவைக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஆடி மாதத்தில் அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.