பங்காளிகளும் மந்தகாலமும்

ஆண்டுக்கு ஒருமுறை ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்டசோழபுரத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்வது நம் வழக்கம். கோயில் விமானத்தின் நிழலில் அமர்ந்து இராசேந்திரனின் கடற்படையைப் பற்றிப் பேசினால் மாணவர்களின் கண்கள் விரியும். அதே கடலில் சென்ற வணிகர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப்பேர் கைப்பேசியை எடுத்துவிடுவர். போர் கதையாகிவிடுகிறது, வணிகம் வெறும் கணக்காக நின்றுவிடுகிறது. அந்தக் கணக்கிலும் ஒரு கதை உண்டு என்று சொல்லிப் பார்க்கவே இக்கட்டுரை.

சுமத்திராவில் பாரூசை அடுத்த லோபு துவாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்தது அது. இராசேந்திரன் கடாரத்தின்மேல் படை அனுப்பி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்துவிட்ட காலம். அக்கல்வெட்டில் பேசுவோர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். கப்பலோடு வருவோர் செலுத்த வேண்டிய பொன்னை, கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு, அவர்கள் வரையறுக்கிறார்கள். இங்கே விதி வகுப்பவன் அரசன் அல்லன், வணிகர் குழு என்பது நோக்கத்தக்கது. கடல் கடந்து விற்பவன் எல்லாத் துறையிலும் தானே நிற்க முடியாது. அவன் பொருட்டு அங்கே நிற்க ஒருவன் வேண்டும். அந்த ஒருவனுக்கும் இவனுக்கும் நடுவே ஒரு விதி வேண்டும். தொலைதூர வணிகத்தின் அடிப்படைச் சிக்கல் அன்றும் இன்றும் இதுவே.

நடுவில் நிற்கும் அந்த ஒருவனுக்கு நம் மொழி நல்ல பெயர் எதையும் தந்துவிடவில்லை. 'இடைத்தரகன்' என்றால் பழிச்சொல். 'முகவர்' என்றால் அரசாணை வாசம். கணினி மென்பொருள் நிறுவனங்களோ தம் பொருளை வாங்கி விற்பவரைப் 'பார்ட்னர்' என்று அழைத்துக்கொண்டன. அதை நேரே தமிழாக்கினால் 'பங்காளி' என்றாகும். நம் ஊர்களில் பங்காளி யார்? பாட்டன் சொத்தில் பங்கு உடையவன். பாட்டன் கடனிலும் பங்கு உடையவன். ஆகவேதான் பங்காளிச் சண்டை அத்தனை கடுமையாக இருக்கிறது. மென்பொருள் வணிகத்தின் பங்காளிக்கு இவ்விரண்டில் எது கிடைத்தது என்பதே நம் கேள்வி. நல்ல காலத்தில் இதற்கு விடை தெரியாது. மந்தகாலம் வரவேண்டும்.

தமிழர் வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கடைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் முதலாளிகள் அல்லர். ஊரிலிருந்து அனுப்பப்பட்ட ஏஜண்டுகள். நகரத்தார் தொழிலேகூட ஓர் இடைநிலைத் தொழில்தான். தம் கைப்பணத்தோடு மேலைநாட்டு வங்கிகளிடம் பெற்ற கடனையும் சேர்த்து நெல் விளைவிப்போருக்கு அளித்தனர். 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் நெல்விலை சரிந்தது. வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன; உழவரால் கடனைக் கட்ட இயலவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடாயிற்று. இதனை வெற்றி என்று கொள்வது பிழை. பணமாகத் திரும்பி வரவேண்டியது மண்ணாகத் தேங்கிவிட்டது. மண்ணை இழந்த உழவனின் சினமும் வங்கியை நோக்கிப் போகவில்லை. கண்ணெதிரே அமர்ந்திருந்த கடைக்காரரை நோக்கியே திரும்பியது. மந்தகாலத்தில் நட்டமும் பழியும் நடுவில் இருப்பவனிடம் வந்து தங்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இனி நம் காலத்திற்கு வருவோம். பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் வழங்கிவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குகளுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், கணிதம் பயின்ற தம் மகன் பரத் கோயங்காவை அதனை எழுதச் சொன்னார். 1986இல் இவ்வாறு தோன்றியதே பின்னாளில் 'டேலி' என்று பெயர்பெற்றது. நாள்வழியும் பேரேடும் ஐந்தொகையுமாகக் கணக்குப்பிள்ளைகளின் கையெழுத்தில் வாழ்ந்த உலகம் கணினித் திரைக்குள் புகுந்தது. சிற்றூர்களில் 'டேலி போடத் தெரியும்' என்பது ஒரு கல்வித்தகுதியாகவே ஆகிவிட்டது.

இம்மாற்றத்தைப் பெங்களூரில் இருந்தபடியே செய்திருக்க முடியாது. முந்திரி வணிகரின் கடைக்கும் சிமென்ட் முகவரின் கிடங்கிற்கும் நேரில் போய், நிறுவிக் கொடுத்து, கணக்கரின் அச்சத்தைப் போக்கி, விசைப்பலகையில் அவர் விரலைப் பிடித்து எழுதவைத்தவர்கள் உள்ளூர் விற்பனையாளர்களே. 2007 சனவரி முதல் நாள் தமிழகத்தில் மதிப்புக்கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. கொள்முதலில் செலுத்திய வரியை விற்பனை வரியில் கழித்துக் கணக்குக் காட்டவேண்டிய நிலையில், கணினியை ஒதுக்கியவர்களும் தேடி வந்தனர். வரி மாறும்போதெல்லாம் விற்பனையாளருக்கு அறுவடை என்பது அத்தொழிலின் இலக்கணம்.

ஆனால் 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. அன்றைய கணக்கீட்டின்படி 9 விழுக்காட்டை ஒட்டியிருந்த இந்தியாவின் வளர்ச்சி 2008-09இல் 6.7 விழுக்காடாகக் குறைந்தது. உலகின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனமான மைக்ரோசாப்ட், பங்குச்சந்தைக்கு வந்த 1986இலிருந்து முதன்முறையாக 2009 நிதியாண்டில் ஆண்டு வருவாய்ச் சரிவைக் கண்டது. அதன் பொருள் பிறர் செய்யும் கணினிகளின் முதுகில் ஏறிப் பயணம் செய்வது. கணினி விற்பனை தளர்ந்தபோது ஏறிச் சென்றதும் தளர்ந்தது.

இந்தப் பாடத்தைச் சென்னையில் ஒரு நிறுவனம் எட்டாண்டு முன்பே கற்றிருந்தது. 1996இல் ஸ்ரீதர் வேம்பு முதலியோர் தொடங்கிய அட்வென்ட்நெட், தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருளை விற்றுவந்தது. கருவியோடு சேர்ந்து அது பிறர் பெயரில் சந்தைக்குப் போகும். 2000இல் இணையக் குமிழி உடைந்து, தொடர்ந்து தொலைத்தொடர்புத் துறையும் சரிந்தபோது, வாங்குவோர் பட்டியல் மளமளவெனச் சுருங்கியது. நிறுவனம் வழியை மாற்றிக்கொண்டது. 2002இல் மேனேஜ்எஞ்சின் என்ற பெயரில், பயன்படுத்துவோருக்கே இணையத்தின் வழி விற்கத் தொடங்கியது. 2005இல் சோகோ வந்தது. 2009இல் நிறுவனத்தின் பெயரே சோகோ என்றாயிற்று.

டேலியின் வழி வேறு. 2009இல் வெளிவந்த டேலி இ.ஆர்.பி. 9 உடன் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சந்தா முறையும் வந்தது. ஒருமுறை விற்று முடிவதற்கு மாறாக ஆண்டுதோறும் தொடரும் உறவாக விற்பனை மாறியது. புதிய வாடிக்கையாளர் கிடைக்காத காலத்தில் பழைய வாடிக்கையாளரின் கதவைத் தட்ட ஒரு காரணம் இருப்பது சிறிய செய்தி அன்று. ஒரு நிறுவனம் இடைநிலையாளரைச் சார்ந்திருப்பதைக் குறைத்துக்கொண்டது; மற்றொன்று அவரையே நம்பி நின்றது. இரண்டும் பிழைத்தன. ஆகவே நடுவில் ஒருவன் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிப்பதைவிட, அவன்மேல் எதனை ஏற்றுகிறோம் என்று கேட்பதே பொருத்தம்.

இதனை நாம் நூலிலிருந்து கற்கவில்லை. நம் மாணவர் ஒருவரிடம் கற்றோம். வணிகவியல் படித்தவர், நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்றவர். அந்த ஆண்டுகளில் மருந்துக்கடைகளுக்கான பட்டியலிடும் மென்பொருள் ஒன்றைச் சுற்றுவட்டாரத்தில் விற்றுவந்தார். மந்தம் வந்ததும் அவருடைய நிறுவனம் ஆண்டு இலக்கை உயர்த்தியது. உரிமங்களுக்கு முன்பணம் கேட்டது. கடைக்காரர்களோ அடுத்த மாதம் பார்க்கலாம் என்றனர். முன்பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்க, அதே மென்பொருளை அவர் வாங்கிய விலைக்கே நிறுவனம் தொலைபேசி வழி நேரடியாக விற்கத் தொடங்கியது. ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பட்டியல் அச்சாகவில்லை என்றால் கடைக்காரர் அழைத்தது இவரைத்தான். "ஐயா, லாபத்துல அவங்க பங்காளி, கோபத்துல நான் பங்காளி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தொழிலை விட்டுவிடவில்லை. உரிமம் விற்பதைக் குறைத்துக்கொண்டு, பழுது பார்ப்பதற்கு ஆண்டுக் கட்டணம் வாங்கினார். யார் விற்ற மென்பொருளானாலும் போய்ப் பார்த்தார். 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அவர் கடைவாசலில் வரிசை நின்றது. தம்மிடம் வாங்காமல் நேரடியாக வாங்கியவர்களும் அவ்வரிசையில் நின்றார்கள் என்றார். அவரை நிறுவனம் கைவிட்டிருக்கலாம், ஊர் கைவிடவில்லை. கடைத்தெரு அவருடைய பெயரைத்தான் நம்பியது. பெட்டிமேல் அச்சிட்டிருந்த பெயரை அன்று.

பாரூசின் கல்லில் கப்பலில் வந்தவனுக்கும் துறையில் நின்றவனுக்கும் உரிய விதி பொறிக்கப்பட்டிருக்கிறது. மருந்துக்கடை மென்பொருளுக்கும் நம் மாணவருக்கும் இடையே இருந்த விதியோ, ஒரு பக்கத்தார் எழுதி, நினைத்தபோது திருத்திக்கொண்ட ஒப்பந்தத்தாளில் இருந்தது. பங்காளி என்று அழைத்துவிட்டால் போதாது; கெட்ட ஆண்டின் சுமையை எப்படிப் பிரிப்பது என்று நல்ல ஆண்டிலேயே எழுதிவைக்க வேண்டும். அடுத்தமுறை கங்கைகொண்டசோழபுரம் செல்லும்போது அவரையும் உடன் வரச் சொல்லியிருக்கிறோம். வணிகக் குழுக்களைப் பற்றி நாம் பேசி முடித்தபின் அவர் பேசுவார். மாணவர்கள் கைப்பேசியை எடுக்கிறார்களா என்று பார்க்கவேண்டும்.