பல்லாவரத்துக் கல்

தாம்பரத்திலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் மூன்றாவது நிலையம் பல்லாவரம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குன்றுகளில் ஏறுகிற இளவட்டங்கள் விமானம் இறங்குவதைத்தான் படம் பிடிக்கிறார்கள். காலடியில் கிடப்பதோ அதைவிடப் பெரிய சங்கதி.

1863 மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், ராணுவ மைதானத்தை ஒட்டிய சரளைக் குழியில் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அங்குள்ளவற்றின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது.

குன்றின் பாறைக்கும் ஒரு கதை உண்டு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னோக்கின் கல்லறையை மூடியிருப்பது இந்த ஜாதிக் கல்தான். அதை வைத்தே புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். செத்தவர் பெயர் கல்லுக்கு ஒட்டிக்கொண்டது, பல்லாவரத்தின் பெயர் ஒட்டவில்லை!

மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் ஒன்றும் இங்கே உண்டு. இன்று அது முஸ்லிம்களின் வழிபாட்டிடம்.

பிறகு வந்தது ஜல்லி. திரிசூலம், நன்மங்கலம் பக்கம் வெட்டிக் கைவிட்ட குவாரிகளில் மழைநீர் தேங்கிக் குளங்களாயின. கரை சரிவில்லாமல் நேரே ஆழத்துக்கு இறங்கும் இவற்றில் குளிக்க இறங்குவது ஆபத்து. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய குவாரிச் சுவர்களில் இப்போது கொம்பன் ஆந்தைகள் குடியிருக்கின்றன.