பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம்

பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம், சென்னையின் மேற்குப் புறநகரான பூந்தமல்லியில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளை விசாரித்துவரும் நீதிமன்றம். சட்டம் மாறியபோதெல்லாம் மக்கள் வழக்கில் இதன் பெயரும் மாறியது: முதலில் தடா கோர்ட், பிறகு பொடா கோர்ட், இப்போது என்.ஐ.ஏ. கோர்ட். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்த தீர்ப்பு 1998இல் இங்கேதான் வாசிக்கப்பட்டது. 2002க்கும் 2004க்கும் இடையே, மேடையில் பேசியதற்காக அரசியல் தலைவர்கள் இதே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். குண்டு வைத்தவரை விசாரிக்க ஏற்பட்ட நீதிமன்றம் பேசியவரையும் விசாரிக்க நேர்ந்ததால், தமிழ்நாட்டின் பேச்சுரிமை வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

அமைவிடம்

பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997இல் அம்மாவட்டம் உருவாகும்வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையும் பரங்கிமலையிலிருந்து வரும் சாலையும் இங்கே கூடுகின்றன. 1991 மே 21 இரவு மீனம்பாக்கத்தில் இறங்கிய ராஜீவ் காந்தி இவ்வழியாகவே ஸ்ரீபெரும்புதூர் சென்றார். அங்கே மனித வெடிகுண்டுக்குப் பலியானார். பலத்த காவலுடன் கூடிய சிறை வளாகம் பூந்தமல்லியில் இருந்ததால் கொலை வழக்கின் விசாரணையும் இவ்வூருக்கே வந்து சேர்ந்தது. இலங்கைத் தமிழ் அகதிகளில் சிலரை வெளிநாட்டவர் சட்டப்படி அடைத்துவைத்த சிறப்பு முகாம் ஒன்றும் இவ்வூரில் இயங்கியது. விடுதலை கேட்டு அவர்கள் இருந்த உண்ணாவிரதங்கள் அவ்வப்போது செய்தியாயின.

முன்வரலாறு

பேச்சுரிமை பற்றி இந்தியா முழுவதற்கும் வழிகாட்டும் தீர்ப்புகள் பல தமிழ்நாட்டு வழக்குகளிலிருந்து பிறந்தவை. ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைச் சென்னை மாகாண அரசு தடைசெய்ததை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. பேச்சுரிமைக்கு வரம்பு விதிக்கும் முதல் அரசியல் சட்டத் திருத்தம் மறு ஆண்டு வந்ததற்கு அத்தீர்ப்பும் ஒரு காரணம். 1952இல் வி.ஜி. ராவ் வழக்கு, சங்கம் அமைக்கும் உரிமையைப் பறிக்கும் தடையை நீதிமன்றம் எப்படி உரசிப் பார்க்க வேண்டும் என்று வகுத்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்படம் தொடர்பான 1989 ரங்கராஜன் வழக்கு, போராட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்தை அடக்கக் கூடாது என்றது. 1994இல் ‘நக்கீரன்’ இதழாசிரியர் கோபால் தொடுத்த வழக்கில், மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாறு வெளிவருமுன்பே அதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இந்த வரிசையில் அடுத்து வந்த பெரிய கேள்வி பூந்தமல்லியோடு பிணைந்தது. ஒருவர் சொன்ன சொல் குற்றமாக வேண்டுமானால், அதன் பின்னால் இருந்த நோக்கத்தை அரசு நிரூபிக்க வேண்டுமா?

தடா காலம்

தடா என்று வழங்கிய பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் 1987இல் வந்தது. பொதுச் சட்டத்தில் காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. தடாவின் 15ஆம் பிரிவோ, காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவுசெய்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கியது. காவலில் இருப்பவரின் வாய்ச்சொல்லே அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பப் போதுமானதாயிற்று.

ராஜீவ் கொலை வழக்கில் 1992 மே மாதம் 41 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவர்களில் 12 பேர் ஏற்கெனவே இறந்திருந்தனர், மூவர் தலைமறைவு. எஞ்சிய 26 பேர் விசாரணையைச் சந்தித்தனர். அரசுத் தரப்பில் 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். விசாரணை மூடிய அறையில் நடந்தது. நாட்டையே உலுக்கிய வழக்கில் யார் என்ன சாட்சி சொன்னார் என்பதை அன்றாடம் அறியும் வாய்ப்பு மக்களுக்கு இல்லை. 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி வி. நவநீதம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தார்.

தடாவின்படி மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குச் செல்லாமல் நேரே உச்ச நீதிமன்றம் போக வேண்டும். 26 பேரின் உயிர்காக்க அமைந்த குழுவுக்குத் தமிழர் தேசிய இயக்கத் தலைவர் பழ. நெடுமாறன் தலைமை ஏற்று ஊர் ஊராக நிதி திரட்டினார். மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் வாதாடினார். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு நிலைத்தது, மூவருக்கு அது ஆயுளாகக் குறைந்தது. மக்களிடையே பீதி உண்டாக்கும் நோக்கமோ அரசை அச்சுறுத்தும் நோக்கமோ நிரூபிக்கப்படவில்லை என்று தடா குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் தள்ளியது. ஆனால் தடாவின் கீழ் பெற்ற வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. சட்டம் பொருந்தாது என்றான பின்னும் அச்சட்டம் தந்த வாக்குமூலம் செல்லுபடியானது.

பொடா காலம்

தடா 1995 மே மாதம் காலாவதியானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் வாஜ்பாய் அரசு பொடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை முதலில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. மாநிலங்களவை மசோதாவைத் தோற்கடிக்கவே, 2002 மார்ச் 26 அன்று இரு அவைகளும் கூட்டாகக் கூடி 425க்கு 296 என்ற வாக்குகளில் நிறைவேற்றின. அன்று ஆளும் கூட்டணியிலிருந்த மறுமலர்ச்சி தி.மு.க.வும் மசோதாவை ஆதரித்தது.

பொடாவின் 21ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்ட பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு திரட்டுவதையும் அதற்காகக் கூட்டம் நடத்துவதையும் கூட்டத்தில் பேசுவதையும் குற்றமாக்கியது. பத்தாண்டு வரை சிறை. இலங்கையின் விடுதலைப்புலிகள் இயக்கம் இந்தியாவில் 1992 மே முதல் தடையிலிருந்தது. இலங்கையில் அப்போது நார்வேயின் முயற்சியால் போர் நிறுத்தம் கையெழுத்தாகிப் பேச்சுவார்த்தைக்கு வழி பிறந்திருந்தது. தமிழக சட்டமன்றமோ 2002 ஏப்ரலில் புலிகள் தலைவர் பிரபாகரனை இந்தியாவிடம் ஒப்படைக்கக் கோரித் தீர்மானம் போட்டது. முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு பொடாவைக் கையிலெடுத்தது இச்சூழலில்தான்.

வைகோ வழக்கு

2002 ஜூன் 29 அன்று மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ, விடுதலைப்புலிகளை நேற்றும் ஆதரித்ததாகவும் இன்றும் ஆதரிப்பதாகவும் நாளையும் ஆதரிக்கப் போவதாகவும் பேசினார். பிறகு அமெரிக்கா சென்றார். கைது நிச்சயம் என்று தெரிந்தே திரும்பியவரை ஜூலை 11 அன்று சென்னை விமான நிலையத்தில் காவல்துறை கைது செய்தது. அப்போது அவர் சிவகாசித் தொகுதியின் மக்களவை உறுப்பினர். மத்திய ஆளும் கூட்டணியின் அங்கம். அவருடைய கட்சிக்காரர் சிலரும் கைதாயினர்.

அவர் இருந்தது வேலூர் மத்திய சிறையில், விசாரணை பூந்தமல்லியில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் காவல் வண்டியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து திரும்ப வேண்டும். தொண்டர்கள் நீதிமன்றம் முன் திரண்டார்கள். நெடுங்காலம் பிணை கேட்க அவர் மறுத்தார். சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள் ‘சிறையில் விரிந்த மடல்கள்’ என்ற நூலாயின.

வழக்கின் உள்ளடக்கம் எளியது. தமிழ்நாட்டில் அரசியல் கூட்டம் நடக்கும் இடத்தில் உளவுப் பிரிவுக் காவலர்கள் பேச்சைக் குறிப்பெடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் வழக்கம். வெடிகுண்டு வழக்கில் மேசைமேல் உலோகத் துண்டும் வெடிமருந்துச் சோதனை அறிக்கையும் வரும். இங்கே வந்தது ஒரு மேடைப் பேச்சு. அப்பேச்சைக் கேட்டு எவரும் ஆயுதம் எடுத்ததாகவோ எங்கும் கலவரம் நிகழ்ந்ததாகவோ குற்றச்சாட்டில்லை. பேசியதை வைகோ மறுத்தவரும் அல்லர். அப்படியானால் தீர்க்க வேண்டியது ஒன்றுதான்: ஆதரிக்கிறேன் என்று சொல்வதே குற்றமா?

நெடுமாறன், சுப. வீரபாண்டியன், நக்கீரன் கோபால்

2002 ஆகஸ்டில் பழ. நெடுமாறன் பொடாவில் கைதானார். சென்னையில் அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த கூட்டத்தில் பேசியது காரணம். அவருடைய தமிழர் தேசிய இயக்கமும் தடைசெய்யப்பட்டது. 26 பேருக்காக ஊரெல்லாம் அலைந்தவர், அந்த 26 பேருக்குத் தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்தில் தாமே நின்றார். பேராசிரியர் சுப. வீரபாண்டியனும் இவ்வழக்கில் ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். ‘அது ஒரு பொடா காலம்’ என்ற அவருடைய நூல் அந்நாட்களின் ஆவணம். 2003 ஏப்ரலில் நக்கீரன் கோபால், உரிமமில்லாத துப்பாக்கியும் தடைசெய்யப்பட்ட அமைப்பின் துண்டறிக்கையும் வைத்திருந்ததாகக் கைதாகிப் பல மாதங்கள் சிறையிலிருந்தார். ஊத்தங்கரைப் பகுதியில் நக்சலைட்டுகள் என்று 2002 நவம்பரில் கைதானவர்களில் பதினெட்டு வயது நிரம்பாத சிறுவன் ஒருவனும் இருந்தான். சிறார் நீதிச் சட்டத்தைவிடப் பொடா மேலோங்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூற வேண்டியதாயிற்று.

அது பொதுவாகவே தமிழ்நாட்டில் எதிர்ப்புக் குரல்கள் நெருக்கப்பட்ட காலம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 7 அன்று ‘தி இந்து’ இதழின் ஆசிரியர் குழுவினருக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் உரிமை மீறல் என்று சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் சில நாட்களில் தடுத்து நிறுத்தியது.

நோக்கம் பற்றிய தீர்ப்பு

மக்கள் குடிமை உரிமைக் கழகம் பொடாவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. வைகோ, நெடுமாறன் ஆகியோரின் மனுக்களும் அதனுடன் சேர்ந்தன. 2003 டிசம்பர் 16 அன்று நீதிபதிகள் எஸ். ராஜேந்திர பாபு, ஜி.பி. மாத்தூர் அமர்வு தீர்ப்பளித்தது. பொடா செல்லும் என்றாலும், பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும், வளர்க்கும் நோக்கம் இருந்தாலொழிய 20, 21, 22ஆம் பிரிவுகளின்படி குற்றமாகாது என்று அது தெளிவுபடுத்தியது. தார்மிக ஆதரவு தெரிவிப்பது மட்டும் குற்றமில்லை என்று சட்டம் படித்தோரும் பொதுமக்களும் அதைப் புரிந்துகொண்டார்கள்.

நெடுமாறனும் தோழர்களும் பிணையில் வெளிவந்தனர். 2004 பிப்ரவரியில், 19 மாதங்களுக்குப் பின், வைகோவும் வந்தார். அதற்குள் ம.தி.மு.க. தி.மு.க. அணிக்கு மாறியிருந்தது. அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் அந்த அணி தமிழ்நாடு, புதுவையின் 40 தொகுதிகளையும் வென்றது. தோல்விக்குப் பின் ஜெயலலிதா அரசு பத்திரிகைகள் மீதான அவதூறு வழக்குகளைத் திரும்பப் பெற்றது. மத்தியில் வந்த புதிய அரசு 2004 செப்டம்பரில் பொடாவை நீக்கியது. அதே நாளில் திருத்திய சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவில், ஆதரவு குற்றமாக வேண்டுமானால் பயங்கரவாத அமைப்பின் செயலை வளர்க்கும் நோக்கம் இருக்க வேண்டும் என்ற சொற்கள் இடம்பெற்றன. திருமங்கலம் மேடை எழுப்பிய கேள்விக்குச் சட்டத்தின் வாசகமே விடை தந்தது.

பேரறிவாளன் வாக்குமூலம்

நோக்கம் பற்றிய கேள்வி தடா வழக்கிலும் பின்னாளில் எழுந்தது. 1991 ஜூனில் 19 வயதில் கைதாகி, தூக்கு நிலைத்த நால்வரில் ஒருவரான பேரறிவாளன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கித் தந்தது. எதற்காக அவை என்று தனக்குத் தெரியாது என்று அவர் கூறியதைத் தாம் வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ. முன்னாள் அதிகாரி வி. தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு மனிதரின் மரண தண்டனை, எழுதப்படாமல் போன ஒரு வாக்கியத்தைச் சுற்றி நின்றிருந்தது.

2014 பிப்ரவரியில் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. வழக்கில் தண்டனை பெற்றிருந்த எழுவரையும் விடுவிக்க 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்து குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அமைச்சரவையின் அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று கூறி 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. மற்ற அறுவரும் நவம்பரில் விடுதலையாயினர். மே மாதத் தீர்ப்பு மாநில உரிமை பற்றிய முக்கியத் தீர்ப்பாகவும் நிலைத்தது.

பிற்காலம்

2008இல் தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) அமைந்தபின், அது தொடுக்கும் வழக்குகளையும் பூந்தமல்லி நீதிமன்றம் விசாரிக்கிறது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 43டி(5) பிரிவு, குற்றச்சாட்டு முதல் பார்வையில் உண்மையெனத் தோன்றினாலே பிணை மறுக்கச் சொல்கிறது. நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்ற காப்பு, தீர்ப்பு நாளன்றுதான் பயன்தரும். அதுவரை கழியும் ஆண்டுகளுக்கு அது பொறுப்பேற்பதில்லை.

மதிப்பீடு

குண்டுவெடிப்பில் உறவை இழந்த குடும்பங்களுக்கு நீதி வேண்டும். அதற்கு வலுவான நீதிமன்றமும் வேண்டும். ஆனால் அதே வலுவைச் சொல்லுக்கு எதிராகத் திருப்பினால் என்ன ஆகும் என்பதைப் பூந்தமல்லியின் வரலாறு காட்டுகிறது. பொடாவுக்கு வாக்களித்த கட்சியின் தலைவரே அச்சட்டத்தில் முதலில் சிறைசென்றவர்களில் ஒருவரானார். கடுமையான சட்டத்தை இயற்றுபவர் எவரும் அது யார் கையில் போய்ச் சேரும் என்று முடிவு செய்ய முடியாது. எதிராளியின் பேச்சுக்கும் உரிமை உண்டு என்று ஆட்சியிலிருக்கும்போதே ஏற்பதுதான் கட்சிகள் இதிலிருந்து கற்க வேண்டியது. அதோடு, சொல்லை வைத்து வழக்குப் போடும் அரசு நோக்கத்துக்கான சான்றை முதல் வாய்தாவிலேயே காட்ட வேண்டும். காட்ட இயலாதபோது பிணை உரிமையாக வேண்டும். 2003 தீர்ப்பின் பயன் முழுமையாகக் குடிமக்களைச் சேர அதுவே வழி.