குரலும் இயந்திரமும் ஆதிக்கமும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு சாதனம் எவருடைய தேவைக்காக ஓரிடத்தில் நிறுவப்பட்டது, எவருடைய உழைப்பை அது வேண்டாததாக்கிற்று, எவருடைய மொழியில் அது பேசிற்று என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. தொலைபேசியில் மனிதருக்குப் பதிலாக இன்று விடையிறுக்கும் தன்னியக்கக் குரலை இவ்வினாக்களின் அடிப்படையில் நாம் நோக்க முனைகின்றோம். செய்தித் தொடர்பு, உழைப்பு, மொழியுரிமை ஆகிய மூன்றும் பிணைந்து கிடக்கும் இடமாதலின் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசம் இந்நோக்கிற்குப் பொருத்தமான களமாகின்றது.

இலங்கையின் முதலாவது தந்தி இணைப்பு 1858இல் கொழும்பையும் காலியையும் தொடுத்தது. காலி அன்று நீராவிக் கப்பல்கள் தரிக்கும் துறைமுகம். கப்பற் செய்தி வணிகருக்கு விரைந்து எட்டவேண்டியிருந்தது. அங்கு வணிகத்தின் தேவை வகித்த இடத்தைத் திருகோணமலையிற் கடற்படையின் தேவை வகித்தது. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இத்துறைமுகத்தின் இராணுவ முக்கியத்துவம் பன்மடங்காயிற்று. ஏப்பிரல் 8ஆம் திகதி ரோந்து விமானமொன்று யப்பானியக் கப்பலணியைக் கண்டு வானொலி மூலம் அறிவித்தது. அன்றிரவே கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டன. மறுநாட் காலை குண்டுவீச்சு நிகழ்ந்தது. வெளியேறிய 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டதெனினும், எச்சரிக்கை உரியவரைச் சென்றடைந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இனித் தன்னியக்கத்தின் தோற்றத்தை நோக்குவோம். அமெரிக்கரான அல்மன் ஸ்ட்ரௌஜர் 1891இல் தன்னியக்க இணைப்புக் கருவிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அடுத்த ஆண்டு இந்தியானா மாநிலத்தின் லா போட் நகரில் அது இயங்கத் தொடங்கியது. இணைப்பை ஏற்படுத்திய பெண்களின் கைகளைச் சுழல் எண்வட்டு விலக்கிற்று. அவர்களின் குரலை விலக்கியது அடுத்த கட்டமாகும். 1933இல் பாரிசிலும் 1936இல் இலண்டனிலும் தொலைபேசியில் நேரங்கூறும் கடிகாரங்கள் நிறுவப்பட்டன. இலண்டன் கடிகாரத்துக்குக் குரல் கொடுத்த எதெல் கெயின் ஒரு தொலைபேசி இயக்குநர். ஒருமுறை பதிவான அவரது குரல், அதன்பின் இரவுபகலாக ஓய்வின்றியும் கூலியின்றியும் பேசிற்று. உயிருள்ள உழைப்பு இறந்த உழைப்பாக உறைந்து, உயிருள்ள உழைப்பின் இடத்தைப் பிடிப்பது பற்றி மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டினைக் காண்பது அரிது.

ஆயின் இலங்கையில் இப்பிரச்சினை உழைப்போடு அமையவில்லை. 1956 யூனில் தனிச்சிங்களச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஆகஸ்ட் 19இல் திருகோணமலையிற் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு தமிழுக்குச் சிங்களத்தோடு சம தகுதி கோரிற்று. 1957 ஒக்டோபர் 15இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கொடி மாறிற்று, அரசு தமிழ் மக்களோடு எம்மொழியிற் பேசும் என்னும் வினா தீரவில்லை. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமெனப் பதின்மூன்றாம் திருத்தம் கூறுவதற்கு 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு யூலை 29இல் இந்தியப் பிரதமரும் இலங்கைச் சனாதிபதியும் பரிமாறிய கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்த் தாங்கிகள், அந்நிய ஒலிபரப்பு வசதிகள் ஆகியன அடுத்தடுத்து இடம்பெற்றன. துறைமுகமும் செய்தித் தொடர்பும் ஒரே அதிகாரப் போட்டியின் கூறுகள் என்பதற்கு இதுவே சான்று.

இதே காலப்பகுதியில் உடைமையுறவும் மாறிற்று. 1980 யூலை வேலைநிறுத்தத்தின் பின் பல்லாயிரம் அரச ஊழியர் வேலையிழந்தனர். தொழிற்சங்க இயக்கம் பலவீனமடைந்தது. தொலைத்தொடர்புத் திணைக்களம் 1991இற் கூட்டுத்தாபனமாயிற்று, 1996இற் கம்பனியாயிற்று, 1997இல் அதன் 35 வீதப் பங்கு யப்பானின் என்.ரி.ரி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இலாபமே அளவுகோலான சூழலில், ஊழியருக்குப் பதிலாகப் பதிவுக் குரலை அமர்த்துவது இயல்பான வளர்ச்சியாகத் தோற்றமளித்தது.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டினை மறைத்தலாகாது. அழைப்பவர் ஓர் இலக்கத்தை அழுத்தியதும் இயந்திரம் தமிழிற் பேசுகின்றது. அது எவரையும் ஏளனஞ் செய்வதில்லை. மொழி தெரியாதெனத் தட்டிக் கழிப்பதுமில்லை. எழுத்தறியாத மீனவருக்கும் தகவல் தரும் ஆற்றல் அதற்குண்டு. இயந்திரத்தை வெறுத்தொதுக்குவோர் இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றனர். ஆனால், தமிழை ஒருமுறை பதிவுசெய்யும் செலவு சிறிது. தமிழறிந்த ஊழியரை நியமிக்கும் செலவு பெரிது. தயாரித்த விடைகளுக்கு அப்பாற்பட்ட குறையொன்றைச் சொல்ல மனிதரை நாடும்போதே, அரச அலுவலகங்களில் நீண்டகாலமாகச் சுட்டப்பட்டுவரும் தமிழறிந்த உத்தியோகத்தரின் பற்றாக்குறை எதிர்ப்படுகின்றது. பதிவுசெய்த தமிழ் வேறு, செவிமடுத்து விடையிறுக்கும் தமிழ் வேறு. முன்னையதைக் கொண்டு பின்னையது நிறைவேறியதாகக் கணக்குக் காட்டுவது, உரிமையைச் சேவையாகச் சுருக்குவதாகும்.

இதன் விளைவு உயிரோடு தொடர்புடையது. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின்னரே அலை கிழக்குக் கரையைத் தாக்கிற்று. மூதூர், கிண்ணியா, நிலாவெளி மக்களை எந்த எச்சரிக்கையும் எட்டவில்லை. நாடு முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1942இற் கப்பல்களுக்குக் கிடைத்த முன்னறிவித்தல், அறுபத்திரண்டு ஆண்டுகளின் பின் அதே கரையின் மக்களுக்குக் கிடைக்கவில்லை. குறைபாடு கருவியில் மாத்திரம் இருந்ததன்று. எவரைக் காப்பதற்காகத் தொடர்பு அமைப்புகள் உருவாகின என்பதிலேயே அது இருந்தது. 2005இன் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் 2012 ஏப்பிரல் 11இல் மக்கள் கரையை விட்டு வெளியேற்றப்பட்டமையும் இந்நிலை மாற்றத்தக்கதே என்பதைக் காட்டுகின்றன.

எனவே, இயந்திரம் பேசலாமா என்பதன்று வினா. அதன் சொற்களைத் தீர்மானிப்பவர் யார், அதன் பின்னால் மக்களின் மொழியறிந்த மனிதர் இருக்கின்றனரா, மிச்சப்படும் உழைப்பின் பயன் எவரைச் சேருகின்றது என்பனவே வினாக்கள். மொழியுரிமை இயக்கமும் தொழிற்சங்க இயக்கமும் தனித்தனியே எழுப்பிவந்த கோரிக்கைகள் இங்கு ஒன்றாகின்றன. அவ்விரண்டும் இணைந்து போராடும்போதே தொலைபேசியின் மறுமுனையில் மக்களின் குரலுக்குச் செவி கிடைக்கும் என நாம் கருதுகின்றோம்.