125 டாலர் குதிரை

குதிரைப் பந்தயம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது, குதிரையின் முதுகின்மீது குனிந்தமர்ந்து பறந்து செல்லும் வீரனின் உருவமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிராமப்புறங்களில் வேரூன்றிய பந்தயமோ வேறு வகையானது. அங்கே குதிரை ஓர் இலேசான இருசக்கர வண்டியில் பூட்டப்படுகிறது. சாரதி அதில் அமர்ந்து லகானைப் பிடிக்கிறான். குதிரை தன் விருப்பம்போல் பாய்ந்தோடுதல் கூடாது. ஒரு பக்கத்து முன்காலும் மறுபக்கத்துப் பின்காலும் ஒருங்கே எழுந்து ஒருங்கே ஊன்றும் ‘டிராட்’ என்னும் நடையிலோ, ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தெழும் ‘பேஸ்’ என்னும் நடையிலோதான் அது விரைய வேண்டும். நடை குலைந்து நாற்காற் பாய்ச்சலில் இறங்கிவிட்டால், சாரதி அதனை இழுத்துப் பிடித்து மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவருதல் வேண்டும். அதற்குள் பின்னால் வந்தவை முந்திவிடும்.

இவ்வகைப் பந்தயத்தின் வரலாற்றில் ஒரு விந்தையை நாம் காண்கிறோம். அற்ப விலைக்குக் கைமாறிய குதிரைகள் சில, பின்னர் ஈடிணையற்ற புகழ் பெற்றன. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மருத்துவர் நோயாளியைக் காணச் செல்லும் வண்டியையும், இறைச்சிக்காரரின் வண்டியையும் இழுத்தவை இத்தகைய குதிரைகளே. எனவே வருங்காலப் பந்தய வீரன் எந்தத் தெருவிலும் நின்றிருக்கக் கூடும். அதனை அடையாளங் காணும் கண்தான் அரிது.

1833-ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த லாங் தீவில் பிறந்த சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றை டேவிட் பிரையன் என்பவர் 112½ டாலருக்கு வாங்கினார். ‘லேடி சஃபக்’ என்பது அதன் பெயர். வண்டியிழுத்துப் பிழைத்த அக்குதிரை 1838-இல் தன் முதற் பந்தயத்தில் வென்ற பரிசு 11 டாலர். 1845-இல் ஹோபோகன் நகரில் ஒரு மைலை 2 நிமிடம் 29½ விநாடியில் கடந்தது. வண்டியில் பூட்டிய குதிரை இரண்டரை நிமிடத்திற்குட்பட்டு ஒரு மைல் ஓடியது அதுவே முதன்முறை. இன்று அது பெரிய வேகமன்று. ஆயின் அக்காலத்து வண்டியின் சக்கரங்கள் உயர்ந்தவை, கடினமானவை. காற்றடைத்த இரப்பர் சக்கரம் பந்தய வண்டிக்கு வந்தது 1892-இல்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

இக்கதையை ஏழையின் அதிர்ஷ்டமென்று மகிழ்ந்து சொல்வோர் உளர். குதிரையின் பக்கத்திலிருந்து நோக்கினால் அத்துணை மகிழ்ச்சி தோன்றவில்லை. பிரையனுக்கு அதுவே ஜீவனோபாயம். ஊர் ஊராய் இட்டுச் சென்று, ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பந்தயங்களில் அதனை ஓட்டினர். செல்வரின் லாயத்தில் இருந்திருந்தால் இதில் பாதியேனும் ஓய்வு கிடைத்திருக்கும் என்பது நம் எண்ணம். 1851-இல் பிரையன் காலமானார். நான்காண்டுகள் கழித்து லேடி சஃபக்கும் இறந்தது.

இனி நாம் நியூயார்க் மாநிலத்து ஆரஞ்சு மாவட்டத்திற்குச் செல்வோம். அங்கே செஸ்டர் என்னும் ஊரருகே ஜோனஸ் சீலி என்பவருக்குப் பண்ணை இருந்தது. அவரிடம் காலூனமுற்ற பெண்குதிரை ஒன்று. அது 1849 மே மாதம் 5-ஆம் நாள் ஓர் ஆண்குட்டியை ஈன்றது. தந்தை அப்தல்லா, அழகற்றது, முரட்டுக் குணமுடையது. ஆனால் 1788-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த ‘மெசஞ்சர்’ என்னும் புகழ்பெற்ற குதிரையின் மகனுக்கு அது மகன். நொண்டித் தாய்க்கும் முரட்டுத் தந்தைக்கும் பிறந்த குட்டியைச் சீலி பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியவர் அப்பண்ணையிற் கூலிக்கு உழைத்த வில்லியம் ரைஸ்டிக். தாயையும் சேயையும் சேர்த்து அவர் கொடுத்த விலை 125 டாலர்.

குட்டிக்கு ‘ஹாம்பில்டோனியன்’ என்று பெயரிட்டார் ரைஸ்டிக். நேயர்கள் இங்கே பந்தய வெற்றிகளின் பட்டியலை எதிர்பார்த்தல் இயல்பு. அப்படி ஒன்றுமில்லை! அது ஓடியது மிகச் சொற்பம். அதன் பெருமையெல்லாம் அதன் வழித்தோன்றல்களிடத்தே. பொலிகுதிரையாக அது 1,331 குட்டிகளுக்குத் தந்தையாயிற்று. முதலாண்டில் நான்கு பெண்குதிரைகளுக்குக் கட்டணமின்றி விடப்பட்ட அதற்கு, பின்னாளில் ஒரு முறைக்கு 500 டாலர் தர உடையோர் காத்து நின்றனர். அதன் மகன் டெக்ஸ்டர் 1867-இல் ஒரு மைலை 2 நிமிடம் 17¼ விநாடியில் ஓடிற்று. ஜார்ஜ் வில்க்ஸ், டிக்டேட்டர், ஹாப்பி மீடியம், எலெக்‌ஷனீர் என்னும் நான்கு புதல்வர்களின் வழியே, அமெரிக்காவின் வண்டிப்பந்தயக் குதிரைகள் ஏறக்குறைய அனைத்தும் இன்று ஹாம்பில்டோனியனின் வமிசத்தவையே. சீலி விற்றது ஒரு குட்டியையன்று, ஓரினத்தையே விற்றுவிட்டார்!

அந்தக் குதிரையின் பெயரால் 1926-இல் தொடங்கிய பந்தயத்தை 1935-இல் வென்றது ‘கிரேஹவுண்ட்’. இதுவும் மலிவாய் வந்ததே. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய 1933-இல், இண்டியானாபொலிஸ் ஏலத்தில் கர்னல் பேக்கர் என்னும் செல்வர் இதனை 900 டாலருக்கு எடுத்தார். சாம்பல் நிறம், அதிலும் காயடிக்கப்பட்ட குட்டி. இனம் பெருக்க உதவாத குட்டிக்கு யார் பொருள் கொட்டுவர்? விலை கேட்டவர்கள் இரத்தத்திற்கு விலை மதித்தார்களேயன்றிக் கால்களுக்கு மதிக்கவில்லை. ஸெப் பாலின் என்ற பயிற்சியாளரின் கையில் வளர்ந்து, 1938-இல் லெக்சிங்டனில் ஒரு மைலை 1 நிமிடம் 55¼ விநாடியில் டிராட் நடையிற் கடந்தது கிரேஹவுண்ட். 1939-இல் ரோஸலிண்ட் என்ற பெண்குதிரையுடன் இணைத்துப் பூட்டப்பட்டு 1 நிமிடம் 58¼ விநாடியில் ஓடிற்று. 1940-இல் வண்டியை நீக்கிச் சேணம் பூட்டினர். பிரான்ஸெஸ் டாட்ஜ் என்னும் பெண்மணி ஏறிச் செலுத்த, அதிலும் புதிய சாதனை நிகழ்ந்தது.

மலிவாய் விற்ற குதிரைகளிற் பெரும்பான்மை மலிவான குதிரைகளாகவே ஓடி மறைந்தன என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. அவற்றின் பெயரை ஏடுகள் காக்கவில்லை.

கிரேஹவுண்ட் 1965-இல் இறந்தது. அதன் 1938-ஆம் ஆண்டுச் சாதனையை 1969-இல் நெவெலி பிரைடு முறியடிக்கும்வரை, முப்பத்தோராண்டுகள், எக்குதிரையும் வெல்லவில்லை. சந்ததியோ அதற்கு இல்லை. ரைஸ்டிக் 1870-இல் மறைந்தார். அவருக்குப் பின் ஆறாண்டுகள் வாழ்ந்த ஹாம்பில்டோனியனைச் செஸ்டரில் அடக்கம் செய்தனர். 1893-இல் அந்தப் புதைகுழியின்மேல் எழுப்பிய கருங்கற்றூண் இன்றும் அவ்வூரில் நிற்கிறது.