தமிழ்க் குற்றக் கதைகளில் பள்ளிக்கால வதை

பள்ளியில் சக மாணவராலோ ஆசிரியராலோ இழிவுபடுத்தப்பட்ட சிறுவன் வளர்ந்தபின் கொலைகாரனாகிறான் என்னும் கதைப்போக்கு, தமிழ்த் துப்பறியும் புனைவில் மிகவும் பிந்தியே தோன்றியது. தமிழில் துப்பறியும் நாவல் நூறாண்டைக் கடந்துவிட்டது. ஆனால் வகுப்பறை அதற்குள் நுழைந்தது கடந்த சில ஆண்டுகளில்தான், அதுவும் பெரும்பாலும் திரைப்படத்தின் வழியே. இக்கதைப்போக்கு எவ்வாறு உருவாயிற்று என்பதையும், பழைய தென்னார்க்காடு மாவட்டப் பகுதியில் நடந்த ஓர் உண்மை வழக்கு அதற்கு எவ்வாறு நேர்மாறாக நிற்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல் வழக்கு

இக்கொடுமைக்குத் தமிழ்நாட்டில் பொதுவான தனிச்சொல் நிலைபெறவில்லை. கல்லூரியில் நடந்தால் 'ராகிங்' என்கிறோம். பள்ளியில் நடந்தால் 'கிண்டல்', 'வம்பு', 'பட்டப்பெயர் வைப்பது' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இலங்கைத் தமிழர் 'பகிடிவதை' என்றும், மலேசியத் தமிழர் 'பகடிவதை' என்றும் வழங்குகின்றனர். கேலியும் வதையும் ஒரே சொல்லில் அடங்குவதால் அதுவே பொருத்தமான சொல். பெயர் இல்லாத ஒன்றைப் பற்றிப் புகார் கொடுப்பது ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எளிதல்ல.

பழைய கதைகளில் குற்றத்தின் காரணம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோர் எழுதிய துப்பறியும் நாவல்களில் குற்றத்துக்குக் காரணம் சொத்து, நகை, வாரிசுரிமை, கூடாக் காதல் ஆகியவையே. குற்றவாளியின் இளமைப் பருவத்தைப் பற்றி அக்கதைகள் கவலைப்படவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளிலும் வாசகர் துப்பறிபவரின் பின்னாலேயே செல்கிறார். 1968-இல் குமுதத்தில் வெளிவந்த சுஜாதாவின் 'நைலான் கயிறு' பழைய அநீதி ஒன்றுக்கான பழிவாங்கலைக் கொலைக்குக் காரணமாக வைத்தது. ஆயினும் அந்த அநீதி குழந்தைப் பருவத்தைச் சேர்ந்தது அன்று.

குழந்தைப் பருவக் காயத்தை மையத்துக்குக் கொண்டுவந்தது திரைப்படம். பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980), கமல்ஹாசன் எழுதிய 'தாயம்' தொடர்கதையிலிருந்து உருவான 'ஆளவந்தான்' (2001) ஆகிய மூன்றிலும் கொலைகாரனின் மனம் சிறுவயதிலேயே சிதைந்திருக்கிறது. ஆனால் அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது தந்தை, சிற்றன்னை, சிறுவனை ஏமாற்றிய பெண் முதலியோர். பள்ளிக்கூடம் அல்ல. செல்வராகவனின் 'காதல் கொண்டேன்' (2003) படத்தில் நாயகனைப் பேராசிரியர் வகுப்பில் அவமதிக்கும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அங்கும்கூட ஆழமான காயம் குழந்தைத் தொழிலாளியாக அடைபட்டிருந்த நாட்களில் பட்டது. வகுப்பறை அவமானம் அதன் மேல் விழுந்த இன்னொரு அடி மட்டுமே.

ராட்சசனும் சைக்கோவும்

2018 அக்டோபரில் வெளியான ராம்குமாரின் 'ராட்சசன்' இந்த வரிசையில் திருப்புமுனை. இளமையிலேயே முதுமைத் தோற்றம் தரும் நோயுள்ள மாணவன் ஒருவன் பள்ளியில் ஏளனத்துக்கு ஆளாகிறான், விரும்பிய பெண்ணும் அவனை இழிவுபடுத்துகிறாள், பிற்காலத்தில் அவன் பள்ளி மாணவியரைத் தேடித் தேடிக் கொல்கிறான் என்பது அதன் முடிச்சு. படம் பெருவெற்றி பெற்றுத் தெலுங்கிலும் இந்தியிலும் மறுஆக்கம் செய்யப்பட்டது. 2020-இல் வந்த மிஷ்கினின் 'சைக்கோ' படத்தில், சிறுவயதில் ஆசிரியர் கொடுத்த கடுந்தண்டனை கொலைகாரனின் மனத்தில் ஆறாத புண்ணாக இருக்கிறது.

'ராட்சசன்' படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாணவியரிடம் முறைகேடாக நடக்கும் ஆசிரியர் ஒருவர் இடையில் வருகிறார். கதைக்கு அவர் திசைதிருப்பும் பாத்திரம்தான். ஆனால் பள்ளி நிர்வாகத்தை அறிந்தவர்களுக்கு முகமூடி அணிந்த கொலைகாரனைவிட அச்சமூட்டுபவர் அவரே, ஏனெனில் அத்தகையவர் நடைமுறையில் இருக்கக்கூடியவர். கொலைகாரனின் பள்ளிப் பருவமோ சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அவன் அழுதபோது வகுப்பாசிரியர் எங்கே இருந்தார், தலைமையாசிரியருக்குத் தெரியுமா, கூடப் படித்தவர்களில் ஒருவராவது தடுத்தாரா என்ற கேள்விகளுக்குப் படத்தில் இடமில்லை. உடலில் குறையுள்ள பிள்ளையைக் கடைசியில் அரக்கனாகவே காட்டுவதும் ஒருவகையில் அந்த வகுப்பின் ஏளனத்தைத் தொடர்வதாகிறது.

நாவரசு வழக்கு

1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 1996 நவம்பரில், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு காணாமற்போனார். அவர் சென்னைப் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன். சென்னையில் ஒரு மாநகரப் பேருந்தில் கண்டெடுக்கப்பட்ட உடற்பகுதி அவருடையது எனத் தெரியவந்தது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை ஒட்டிய கூனிமேடு கடற்கரையிலும் எச்சங்கள் கிடைத்தன. மரபணுச் சோதனை அடையாளத்தை உறுதிசெய்தது. அதே கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டார். ராகிங்குக்குப் பணிய மறுத்ததே கொலைக்குக் காரணம் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

1998-இல் கடலூர் அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2001-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நேரில் கண்ட சாட்சி இல்லாத, சூழ்நிலைச் சான்றுகளால் மட்டுமே கட்டப்பட்ட வழக்கு அது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை நீக்கித் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. சம்பவத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ பதினான்கரை ஆண்டுகள். நாவரசுவுடன் முதலாண்டு சேர்ந்தவர்கள் அதற்குள் மருத்துவர்களாகித் தொழிலில் ஊன்றியிருப்பார்கள்.

இவ்வழக்கின் விளைவாகவே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் (1997-ஆம் ஆண்டின் 7-ஆம் சட்டம்) வந்தது. இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வகைசெய்கிறது. உடலுக்கு மட்டுமன்றி மனத்துக்கு ஏற்படும் தீங்கு, அச்சம், வெட்கம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்கிறது. இச்சட்டத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு: புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்வி நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். 'ராட்சசன்' கேட்காமல் விட்ட கேள்வியைச் சட்டம் இருபதாண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டது.

இலங்கையிலும் நிலைமை இவ்வாறே இருந்தது. 1997-இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதைக்கு ஆளான தமிழ் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே அங்கு தடைச் சட்டம் நிறைவேறியது. இரண்டு நிகழ்வுகளிலும் இறந்தவர் வதைக்கப்பட்டவரே. திரைக்கதை சொல்வதற்கு இது நேர் எதிர்.

ஆய்வுகள் கூறுவது

நார்வேயில் டான் ஓல்வெயுஸ் 1970-களிலேயே பள்ளி வதையை முறையாக ஆராயத் தொடங்கினார். அங்கு 1982-இல் சிறுவர் மூவர் தற்கொலை செய்துகொண்டதையடுத்து நாடு தழுவிய தடுப்பியக்கம் தொடங்கியது. பிரிட்டனில் 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த நெடுங்கால ஆய்வு இப்பொருளில் மிக முக்கியமானது. அவர்களுள் 7,771 பேரைப் பற்றிய முடிவுகள் 2014-இல் வெளியாயின. ஏழு, பதினொரு வயதுகளில் அடிக்கடி வதைக்கப்பட்டோரிடம் ஐம்பதாம் வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. நட்பும் உறவும் குறைந்திருந்தன. நாற்பதாண்டு கழிந்தும் ஆறாத அந்தப் புண் அவர்களுக்குள்ளேயே இருந்தது.

மறுபக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான அரசு அறிக்கை, தாக்கிய 41 பேரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தாங்கள் வதைக்கப்பட்டதாகவோ துன்புறுத்தப்பட்டதாகவோ கருதியவர்கள் என்றது. எனவே கதைகள் முற்றிலும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த 41 பேரைக் கொண்டு, வதைக்கப்படும் கோடிக்கணக்கான பிள்ளைகளை அளக்க முடியாது. 'இவன் நாளைக்கு என்ன செய்வானோ' என்ற பார்வை ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிள்ளையை இன்னும் ஒதுக்கும்.

வேறொரு வழி

நாவரசு கொலை நடந்த அதே 1996-இல் ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'அகுய்' நாவல் வெளிவந்தது. தலைப்புக்குத் 'தீய எண்ணம்' என்று பொருள். எழுத்தாளர் ஒருவர் கொலையாகிறார். புலனாய்வு அவருடைய பள்ளி நாட்களுக்குச் செல்கிறது. துப்பறியும் காகா முன்பு பள்ளி ஆசிரியராக இருந்து, மாணவர் வதை தொடர்பான விவகாரத்தால் அப்பணியை விட்டவர். விசாரணையின் முடிவில் தெரியவருவது இதுதான்: கொலையாளி பள்ளியில் வதைக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டவன், கொல்லப்பட்டவரோ அக்கூட்டத்துக்குப் பணியாதவர். தன் கோழைத்தனத்தைக் கண்ட ஒருவர் உயிரோடிருப்பதைப் பொறுக்க முடியாத மனமே அங்கே குற்றத்தின் வேர். வதைத்தவரிடம் அந்த நாட்கள் என்ன மிச்சம் வைத்தன என்று கேட்கும் இத்தகைய கதை தமிழில் எழுதப்பட வேண்டிய ஒன்று. அதற்கு நமக்கு அயல்நாட்டு முன்மாதிரி தேவையில்லை. சிதம்பரத்திலிருந்து விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் சென்னை செல்லும் பாதையில் அதற்கான செய்தி கிடைக்கும்.

நாங்குநேரி

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். தொல்லை தாங்காமல் பள்ளிக்குச் செல்வதை நிறுத்திய அம்மாணவர், பள்ளியில் தம்மைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிச் சொன்ன பிறகு நடந்தது அது. பட்டப்பெயரின் இடத்தில் இங்கே சாதி இருந்தது. அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. மாணவர் கையில் சாதி அடையாள வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்வது உள்ளிட்ட பரிந்துரைகளுடன் அக்குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அதற்கு முந்தைய மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்திருந்தன. வெட்டுப்பட்ட மாணவர் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றிருந்தார்.