சிறுமியரும் ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலும்: ஆர்வத்தை வளர்த்தலும் உடல்நலம் பேணலும்

சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலிலிருந்து கிளைத்த குழு விளையாட்டாகும். 1887ஆம் ஆண்டு சிகாகோ நகரில் உள்ளரங்கில் நடைபெற்ற முதல் ஆட்டத்தில், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறை பந்தாகவும் துடைப்பக் கம்பு மட்டையாகவும் பயன்பட்டன. இன்று மென்மை அதன் பெயரில் மட்டுமே எஞ்சியுள்ளது, பந்து கடினமானது. இவ்விளையாட்டின் விரைவு வகையே ஃபாஸ்ட்பிட்ச். இதில் பிட்சர் எனப்படும் பந்தெறிபவர், கையைக் காற்றாலையின் இறக்கை போல முழுவட்டமாகச் சுழற்றி, இடுப்பின் அருகிலிருந்து பந்தை வேகமாக விடுவிக்கிறார். இலங்கையில் மென்பந்து எனப் பேசப்படும் கிரிக்கெட் வகை வேறு. அதனுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெண்கள் பெருமளவில் ஆடும் விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெண் பிள்ளைகளும் தோழியரைப் பின்பற்றி இதில் சேர விரும்புவதுண்டு. மகளிர் சாஃப்ட்பால் 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2028ஆம் ஆண்டு போட்டியில் மீண்டும் இடம்பெறவுள்ளது.

சிறுமியருக்கு இவ்விளையாட்டில் ஆர்வத்தைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் கடினமன்று. அதை 13, 14 வயதுக்குப் பின்னும் காப்பதே கடினம். பந்தைப் பற்றிய அச்சம், உடல் மாற்றங்களால் எழும் கூச்சம், வெளியில் சொல்லாத வலி ஆகிய மூன்றும் பல சிறுமியரை மைதானத்திலிருந்து வெளியேற்றிவிடுகின்றன. இம்மூன்றையும் வீட்டில் உள்ளவர்களால் பெருமளவு தடுக்க இயலும்.

உடல்நலத்திற்கு என்ன பயன்?

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் 3 நாள்களாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்கள் அதில் அடங்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகளவில் 11 முதல் 17 வயதுக்குட்பட்ட சிறுமியரில் 85 விழுக்காட்டினரும் சிறுவரில் 78 விழுக்காட்டினரும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பூப்பெய்தும் வயதையொட்டிய சில ஆண்டுகளில்தான் எலும்பு மிக விரைவாக அடர்த்தி பெறுகிறது. அவ்வயதில் ஓடுவதும் சட்டென நிற்பதும் தாவுவதும் பிற்கால எலும்பு வலிமைக்கான சேமிப்பாகும்.

சாஃப்ட்பாலில் ஒரு குறையும் உண்டு. களத்தில் நின்று காத்திருக்கும் நேரம் அதிகம். குறிப்பாக வெளிக்களத்தில் நிற்கும் சிறுமி ஓர் ஆட்டத்தில் சில முறை மட்டுமே ஓடக்கூடும். எனவே வாரம் ஓர் ஆட்டம் ஆடுகிறாள் என்பதால் தேவையான உடலியக்கம் நிறைவேறிவிட்டது எனக் கொள்ளக்கூடாது. நடை, மிதிவண்டி, நீச்சல், ஓடி விளையாடுதல் ஆகியவையும் தொடர வேண்டும்.

முதல் நாள்களும் பந்தைப் பற்றிய அச்சமும்

ஐந்து, ஆறு வயதில் நிலையான தாங்கியின் மீது வைத்த பந்தை அடிக்கும் எளிய ஆட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. சிறு வயதினருக்கு மென்மையான உள்ளீடு கொண்ட பந்துகள் கிடைக்கின்றன. 10 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தும் அதற்கு மேல் 12 அங்குலப் பந்தும் பொதுவாகப் பயன்படுகின்றன. எறியும் தூரமும் 35 அடி, 40 அடி, 43 அடி என வயதுக்கேற்பக் கூடுகிறது. மகள் திறமையாக ஆடுகிறாள் என்பதற்காக அவளை மூத்த வயதுப் பிரிவில் சேர்க்குமாறு கேட்பது பெரும்பாலும் நன்மை தருவதில்லை.

முகத்தை நோக்கி வரும் பந்தைக் கண்டு சிறுமி பின்வாங்குவது இயல்பு; அது கோழைத்தனம் அன்று. 43 அடித் தூரத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் மட்டையாளரை அடைகிறது. வீட்டு முற்றத்தில் டென்னிஸ் பந்தைக் கொண்டு, அருகிலிருந்து மெதுவாக எறிந்து, கையுறையால் பிடிக்கப் பழக்கினால் அச்சம் சில வாரங்களில் தணியும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த தந்தையர் இதில் சற்று அவசரம் காட்டுவதுண்டு. தாயும் ஒரு கையுறையை அணிந்து எதிரே நின்றால், பெண்களும் பந்து பிடிப்பார்கள் என்பதைச் சொல்லித் தர வேண்டிய தேவையே எழாது.

கையுறையும் மட்டையும் அவளுடைய கைக்கும் வலிமைக்கும் பொருந்த வேண்டும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் எனப் பெரிதாக வாங்கிய கையுறையில் பந்து நிற்காது. தன்னால் பிடிக்க முடியவில்லை என அவள் நினைத்துக்கொள்வாள்.

ஆர்வத்தைக் குலைக்கும் சொற்கள்

வெயிலில் கறுத்துவிடுவாய், பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்பன போன்ற சொற்கள் அன்பின் பெயராலேயே பல வீடுகளில் சொல்லப்படுகின்றன. வெயிலுக்கு எதிராகச் செய்ய வேண்டியவை உண்மையில் உள்ளன. வெயில் தடுப்புக் களிம்பு, முழுக்கைச் சட்டை, விளிம்புத் தொப்பி, நீர் ஆகியவை தோலையும் உடலையும் காக்கும். நிறம் பற்றிய அச்சுறுத்தலோ விளையாட்டை மட்டுமே நிறுத்தும். குடும்பத்துப் பெரியவர்களிடம் இதைப் பெற்றோரே பேசித் தெளிவுபடுத்த வேண்டும்; அப்பொறுப்பைச் சிறுமியின் மீது சுமத்தக்கூடாது.

பத்து வாய்ப்புகளில் மூன்று முறை வெற்றிகரமாக அடிப்பவர் இவ்விளையாட்டில் நல்ல மட்டையாளராக மதிக்கப்படுகிறார். அதாவது ஏழு முறை தவறுவது ஆட்டத்தின் இயல்பு. பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறைக் குறைவாகக் கருதும் வீட்டுச் சூழலிலிருந்து வரும் பிள்ளைக்கு இக்கணக்கை முன்கூட்டியே விளக்குவது பேருதவியாகும். ஆட்டம் முடிந்து காரில் திரும்பும்போது தவறுகளைப் பட்டியலிட வேண்டாம். அவளாகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பசிக்கிறதா எனக் கேட்டாலே போதும்.

பூப்பு, மாதவிடாய், உணவு

பயிற்சிகளைச் சிறுமி அடிக்கடித் தவிர்க்கத் தொடங்கினால், சோம்பல் என முடிவு செய்வதற்கு முன் சில எளிய காரணங்களை ஆராய வேண்டும். ஓடும்போது மார்பகங்கள் அசைவதால் ஏற்படும் வலியும் கூச்சமும் பொருத்தமான விளையாட்டு உள்ளாடையால் பெரும்பாலும் நீங்கும். வெண்ணிறக் காற்சட்டைச் சீருடை, கறை படிந்துவிடுமோ என்ற அச்சத்தைத் தருகிறது. அடர்நிறக் காற்சட்டையைப் பயிற்றுநரிடம் கேட்டுப் பெறுவதில் தவறில்லை. அவளுடைய பையில் அணையாடைகளும் மாற்று உள்ளாடையும் எப்போதும் இருக்கட்டும். மாதவிடாய் நாள்களில் விளையாடுவதால் தீங்கு எதுவும் இல்லை. சிலருக்கு உடலியக்கம் வயிற்று வலியைக் குறைக்கவும் செய்கிறது.

மாதவிடாய் தொடங்கிய சிறுமியரிடம் இரும்புச்சத்துக் குறைபாடு பரவலாகக் காணப்படுகிறது. விரைவில் களைப்படைதல், மூச்சிரைத்தல், தோல் வெளிறுதல், கவனம் சிதறுதல் ஆகியவை அதன் அறிகுறிகளாக இருக்கலாம். சைவ உணவு உண்ணும் குடும்பங்களில் பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, கீரை ஆகியவற்றுடன் எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்தவற்றைச் சேர்த்து உண்டால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். உணவுடன் தேநீர், காபி அருந்துவது அதைக் குறைக்கும். இரும்பு மாத்திரைகளை இரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் அறிவுறுத்தினால் மட்டுமே தர வேண்டும்.

காலை ஆட்டத்திற்கு வெறும் வயிற்றுடன் செல்லக்கூடாது. இரண்டு மணி நேரத்திற்கு முன் இட்லியோ வாழைப்பழத்துடன் ரொட்டியோ போதுமானது. செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத சிறுமிக்கு மாதவிடாய் தவறும். நாளடைவில் எலும்பும் வலுவிழக்கும். 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ, வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதங்களுக்கு மேல் நின்றுவிட்டாலோ, கடும் பயிற்சியின் விளைவு என விட்டுவிடாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

பிட்சரின் தோள்

கீழ்க்கை வீச்சு இயற்கையானது, எனவே எத்தனை முறை எறிந்தாலும் கைக்குக் கேடில்லை என்ற நம்பிக்கை பயிற்றுநரிடையேயும் நிலவுகிறது. இது தவறு. கையை முழுவட்டமாகச் சுழற்றும்போது தோள் மூட்டு விலகிவிடாமல் இழுத்துப் பிடிக்கும் தசைகளின் மீது, தலைக்கு மேலாக எறியும் பேஸ்பால் பிட்சருக்கு ஏற்படும் அளவுக்கு நிகரான விசை ஏற்படுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மேற்கையின் முன்புறத்தில் உள்ள இருதலைத் தசையும் தோளில் அது இணையும் தசைநாணும் மிகுதியாகச் சுமை தாங்குகின்றன. அதனால் தோளின் முன்புற வலியே இவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. முன்கை எலும்பில் நுண்விரிசலும் கீழ்முதுகு வலியும் சிலருக்கு ஏற்படுவதுண்டு. வளரும் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால், ஓய்வற்ற சுமையை அவை எளிதில் தாங்குவதில்லை.

இதைக் கடுமையாக்குவது போட்டி அமைப்பு. ஓர் அணியில் நன்றாக எறியத் தெரிந்தவர் ஒருவர் அல்லது இருவரே இருப்பர். வார இறுதிப் போட்டிகளில் ஒரே சிறுமி இரண்டு நாள்களில் பல ஆட்டங்களில் எறிய நேர்கிறது. அமெரிக்க விளையாட்டு எலும்பியல் மருத்துவர்கள் ஓர் ஆட்டத்திற்கு 8 முதல் 10 வயது வரை 50, 12 வயது வரை 65, 13, 14 வயதில் 80, அதற்கு மேல் 100 என எறிதல்களுக்கு வரம்பு பரிந்துரைத்துள்ளனர். 12 வயது வரை தொடர்ந்து மூன்றாம் நாள் எறியவே கூடாது. ஆயினும் இளையோர் சிறுவர் பேஸ்பாலில் உள்ளதுபோல் இது பெரும்பாலும் கட்டாய விதியாக இல்லை. ஆகவே கணக்கு வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோரையே சேர்கிறது. வீட்டிலும் தனிப்பயிற்சியிலும் எறிபவற்றையும் தோள் கணக்கில் கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

அணியில் தன் இடம் பறிபோய்விடும் என்று அஞ்சும் சிறுமி வலியை மறைப்பாள். வலிக்கிறதா என நேராகக் கேட்டால் இல்லை என்றே விடை வரும். தலை வாரும்போது கை உயருகிறதா, புத்தகப் பையை எந்தத் தோளில் மாட்டுகிறாள், இரவில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள் என்பவற்றைக் கவனித்தால் உண்மை தெரியவரும். வலி இருந்தால் எறிதலை நிறுத்த வேண்டும். வலிநிவாரணி கொடுத்து ஆட அனுப்பக்கூடாது. அந்நாள்களில் அவள் அணியிலிருந்து விலக வேண்டியதில்லை. ஆட்டக் கணக்கு எழுதுவதும் ஓட்டப் பயிற்சியில் சேர்வதும் தொடரலாம். அணியோடு இருப்பதே பல சிறுமியருக்கு விளையாட்டின் பெரும்பகுதி.

ஆண்டில் இரண்டு, மூன்று மாதங்களாவது எறிதலிலிருந்து முழு ஓய்வு தேவை. வாரத்தில் ஒருங்கமைந்த பயிற்சி நேரம் அவளுடைய வயதின் எண்ணிக்கையைத் தாண்டாமல், அதாவது 11 வயதுச் சிறுமிக்கு 11 மணி நேரத்திற்கு மிகாமல், இருப்பது நல்ல அளவுகோல். கல்லூரி உதவித்தொகையைக் கருதி எட்டு வயதிலேயே ஆண்டு முழுவதும் இவ்வொரு விளையாட்டில் மட்டும் ஈடுபடுத்துவதை மருத்துவர்கள் ஊக்குவிப்பதில்லை.

முழங்கால், முகம், தலை

பூப்புக்குப் பின் முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழியும் இடர் சிறுவரைவிடச் சிறுமியருக்கு அதிகம். சமநிலை, தாவி இறங்கும் முறை, தொடைத் தசை வலுவூட்டல் ஆகியவை அடங்கிய 15 நிமிட ஆயத்தப் பயிற்சியை வாரம் இரண்டு, மூன்று முறை செய்தால் அவ்விடர் குறைகிறது. மோதினால் கழன்றுவிடும் வகைத் தளங்கள் சறுக்கும்போது ஏற்படும் காயங்களைப் பெருமளவு குறைக்கின்றன. உங்கள் மைதானத்தில் அவை உள்ளனவா எனக் கேளுங்கள். மட்டையாளருக்கு முகக்கூண்டுடன் கூடிய ஹெல்மெட் தேவை. பிட்சருக்கும் உட்களத்தில் நிற்போருக்கும் முகக்கவசம் பல இடங்களில் கட்டாயமில்லை எனினும் அணிவிப்பதே நன்று. மூக்குக் கண்ணாடி அணிபவருக்கு உடையாத பாலிகார்பனேட் விளையாட்டுக் கண்ணாடி வேண்டும்.

நீண்டகால நோய் உள்ள சிறுமியர்

ஆஸ்துமா, முதல் வகை நீரிழிவு, கட்டுப்பாட்டில் உள்ள வலிப்பு ஆகியவை உள்ள சிறுமியரில் பெரும்பாலோர் மருத்துவரின் ஆலோசனையுடன் இவ்விளையாட்டில் பங்கேற்க இயலும். இன்ஹேலர், சர்க்கரை அளவி, விரைவில் சர்க்கரை தரும் பானம் போன்றவை காரில் அன்றி, களத்தின் ஓரத்திலேயே இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தும் முறையைப் பயிற்றுநருக்கு எழுத்தில் தாருங்கள். ஆட்டம் முடிந்து பல மணி நேரம் கழித்து, இரவிலும்கூட, இரத்தச் சர்க்கரை தாழக்கூடும் என்பதை நீரிழிவு உள்ள சிறுமியின் பராமரிப்பாளர் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

தோள், முழங்கை, முதுகு ஆகியவற்றில் ஏற்பட்ட வலி ஒரு வார ஓய்வுக்குப் பின்னும் நீடித்தால், உறக்கத்தைக் கலைத்தால், அல்லது கைவிரல்கள் மரத்துப்போனால் மருத்துவரை அணுகவும். முழங்காலில் சட்டென ஒலி கேட்டு உடனே வீங்கினால் அன்றே காட்டவும்.

தலையில் அடிபட்ட பின் தலைவலி, குமட்டல், தடுமாற்றம், குழப்பம் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் மூளை அதிர்வு எனக் கருதி உடனே களத்திலிருந்து வெளியேற்ற வேண்டும். அன்று மீண்டும் ஆட அனுமதிக்கக்கூடாது. மருத்துவர் ஒப்புதல் அளித்த பின், படிப்படியாகவே ஆட்டத்திற்குத் திரும்ப வேண்டும்.

தொடர் வாந்தி, நினைவிழப்பு, வலிப்பு, வெயிலில் குழப்பத்துடன் உடல் கொதித்தல், மார்பில் பந்து பட்டு மயங்கி விழுதல் ஆகியவை அவசர நிலைகள். உடனே அவசர மருத்துவ உதவியை அழைக்கவும். மார்பில் அடிபட்டு விழுந்தவருக்குச் சுவாசம் இல்லையெனில், உதவி வரும்வரை காத்திராமல் மார்பழுத்த முதலுதவியைத் தொடங்கி, மைதானத்தில் உள்ள இதயத் துடிப்பு மீட்புக் கருவியைக் கொண்டுவரச் செய்யவும். அக்கருவி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பருவத்தின் முதல் நாளே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.